மஸ்கட் பெட்டி

"அக்கா, கைய எடுங்க! அதத் தொடாதீக!"

மாயக்காள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். தூசி துடைக்கத்தான் போனாள். அதற்கே இந்தக் கத்து!

"ஏத்தா, நான் என்ன தேளையா தொட்டேன்?"

"கரண்டுச் சாமான்க்கா. பக்குவம் தெரியாமத் தொட்டா வெடிச்சிரும்" என்றாள் சின்ன மருமகள் சுப்புத்தாய்.

"அப்ப அந்தப் பக்குவத்த எனக்கும் சொல்லிக் குடேன்."

"அதெல்லாம் ஒரு நாள்ல வராதுக்கா."

சொல்லிவிட்டுப் பெட்டியின்மேல் பூத்துணியை இழுத்து மூடினாள். மாயக்காளுக்கு வயிறு பற்றி எரிந்தது.

சுப்புத்தாயின் அண்ணன் மலைச்சாமி மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்து இறக்கிய மைக்ரோவேவ் ஓவன் அது. கம்பம் ஊருக்கு டி.வி. வந்ததே அப்போது புதுசு. தீயில்லாமல் சோறு சூடாகிறதென்றால் சும்மா இருப்பார்களா? தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டுச் சமையல் பெரிய மருமகள் மாயக்காள் கையில்தான். திராட்சைத் தோட்டத்துக்கு விலை பேச வரும் வியாபாரிகள்கூட, "பெரியவுக வச்ச குழம்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் இலையில் உட்காருவார்கள்.

இப்போது மாமியார் ராக்கம்மாளே மாறிப்போனாள். "சின்னவளே, குழம்ப அந்தப் பொட்டியில சூடு காட்டிக் கொண்டா."

குழம்பு வைத்தவளை யார் கேட்டார்கள்? சூடு பண்ணினவளுக்குத்தான் பேரு!

சுப்புத்தாயும் லேசுப்பட்டவள் இல்லை. பெட்டிக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்று, மறைத்துக்கொண்டு எதையோ உள்ளே வைப்பாள். குமிழைத் திருகுவாள். மணி அடிக்கும். அவ்வளவுதான் மாயக்காள் கண்டது.

ஞாயிற்றுக்கிழமை மலைச்சாமிக்கு விருந்து. மறுபடி மஸ்கட் கிளம்புகிறான். அண்ணனைக் கூட்டிவர சுப்புத்தாய் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தாள். மாமியார் தோட்டத்தில். வீட்டில் மாயக்காள் மட்டும். அடுப்பிலிருந்து இறக்கிவைத்த நாட்டுக்கோழிக் குழம்பு.

'இவளுக்குத்தேன் தெரியுமோ? இன்னைக்கு நான் சூடு பண்ணி வைக்கிறேன். அவ அண்ணனே பாக்கட்டும்.'

ஆறிக்கொண்டிருந்த குழம்பில் கொஞ்சம் எடுத்து, தாய்வீட்டுச் சீராக வந்த எவர்சில்வர் தூக்குச்சட்டியில் ஊற்றினாள். மூடியை அழுத்தி மூடினாள். பெட்டிக்குள் வைத்துக் குமிழைத் திருகினாள்.

சடசடவென்று நீலப் பொறி பறந்தது. 'படார்' என்று ஒரு சத்தம். உள்ளே எரிந்த விளக்கு அணைந்து புகை கிளம்பியது.

"ஆத்தாடி!"

பிளக்கைப் பிடுங்கினாள். சேலைத் தலைப்பால் தூக்குச்சட்டியை வெளியே எடுக்கும்போது விரலில் சூடு பட்டது. அதைக்கூட அவள் கவனிக்கவில்லை. சட்டியை அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். பெட்டியைப் பழையபடி துணி போட்டு மூடினாள்.

'பொறாமை பிடிச்சவ, வேணும்னே கெடுத்துட்டா'ன்னு சொல்லிருவாகளே! சம்பந்தி வீட்டுக்காரன் முன்னாடி எந்த முகத்தோடு நிற்பது?

எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். வந்ததும் வராததுமாக மலைச்சாமி அதைத்தான் கேட்டான்.

"என்ன தங்கச்சி, பொட்டி ஒழுங்கா வேல செய்யுதா? ஒரு காப்பியச் சுட வச்சுக் கொண்டா பாப்பம்."

சுப்புத்தாய் துணியை விலக்கிக் கதவைத் திறந்தாள். கருகல் வாடை குப்பென்று வந்தது. உள்பக்கமெல்லாம் கரி. ஓரத்தில் கோழிக்குழம்புச் சொட்டு.

அவள் மெல்லத் திரும்பி மாயக்காளைப் பார்த்தாள். மாயக்காள் சுட்ட விரலைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

"எவ பாத்த வேல இது?" என்ற மாமியாரின் கண் நேரே பெரியவள்மேல் போய் நின்றது.

"நாந்தேன் அத்தே" என்றாள் சுப்புத்தாய். "காலையில அவசரத்துல எவர்சில்வர் சட்டிய உள்ள வச்சிட்டேன்."

மலைச்சாமிக்கு வந்ததே கோபம்!

"அடி கூறுகெட்டவளே! பித்தளை, எவர்சில்வர் எதுவும் ஆகாது, பீங்கானோ கண்ணாடியோதேன் வைக்கணும்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேனே! தீப்பிடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?"

சுப்புத்தாய் தலையைக் குனிந்துகொண்டு அத்தனையும் வாங்கிக்கொண்டாள்.

விருந்து முடிந்து அவன் பஸ் ஏறினதும், மாயக்காள் கொல்லைப்புறத்துக்கு ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"சுப்பு, நாந்தேன் கெடுத்தேன். உம்மேல எனக்கு அம்புட்டுப் பொறாமை. எனக்காகப் பொய் சொல்லி ஏச்சு வாங்குனயே, நீ நல்லா இருப்படி!"

சுப்புத்தாய் அவள் விரலைத் திருப்பிப் பார்த்தாள். கொப்பளித்திருந்தது. பார்த்ததும் அவள் கண்ணும் நிறைந்துவிட்டது.

"நாந்தேன்னு சொன்னது பொய் இல்லக்கா."

"பின்ன?"

"எவர்சில்வர் வைக்கக் கூடாதுன்னு வீட்டுல எல்லாருக்கும் சொல்லச் சொல்லித்தேன் அண்ணே குடுத்துட்டுப் போனாக. சொன்னேன். உங்க ஒருத்தருக்கு மட்டும் சொல்லல. நீங்களும் பழகிட்டா, இந்த வீட்டுல என்னைய யாருக்கா தேடுவாக?"