பன்னிரண்டாவது அடி

நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் அவளுடைய முகவாயும் மூக்குத் துவாரமும்தான் தெரிந்தன.

கட்டிய மனைவியின் முகம். அதைப் போய் இப்படியா பார்ப்பது?

அவன் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கத்து டீக்கடை வாசலுக்குப் போனான். அங்கிருந்து முகம் முழுதாகத் தெரிந்தது. ஆனால் சின்னதாக. போதாக்குறைக்கு, போகிற வருகிற பஸ்ஸெல்லாம் குறுக்கே வந்து மறைத்தன.

பயிற்சி மையத்தின் மாடியில் அந்த ஃப்ளெக்ஸைக் கட்டியிருந்தார்கள். உயரம் பத்தடி. அரசுப் பள்ளிக் கணித ஆசிரியர் தேர்வில் வெற்றி பெற்ற சு. செண்பகவல்லிக்கு வாழ்த்துகள். அவள் தலைக்குப் பின்னால் சூரியக் கதிர்கள் வேறு. கேட்காமலே போட்டுவிடுவார்கள் போலிருக்கிறது.

கட்டி நாலு நாளாகிவிட்டது. அந்த நாலு நாளும் அவன் இந்தப் பக்கமே வராமல் மார்க்கெட் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் ட்யூஷன் எடுக்கப் போனான்.

"பாத்தீங்களா?" என்று அவள் முதல் நாளே கேட்டாள்.

"பாத்தேன், பாத்தேன். நல்லாருக்கு."

அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

தேர்வை இருவரும்தான் எழுதினார்கள். ஒரே மையத்தில் படித்தார்கள், ஒரே பஸ்ஸில் போனார்கள். பெருமம் சிறுமம் கணக்கென்றால் அவளுக்கு ஆகவே ஆகாது. அடுப்பில் சோறு கொதிக்கக் கொதிக்க அவன்தான் பக்கத்தில் நின்று போட்டுக் காட்டினான். அவள் தேறினாள். அவன் மூன்று மதிப்பெண்ணில் கோட்டை விட்டான்.

பொறாமையா என்று தன்னையே கேட்டுப் பார்த்தான். கொஞ்சம் இருக்கத்தான் செய்தது. இல்லையென்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் அவ்வளவு பெரிய படத்தில் தனக்கு ஒரு வேலையும் இல்லை என்பதுதான் அவனுக்கு அதைவிட வலித்தது.

இருந்தாலும், பொய் சொன்ன வாயோடு இன்னொரு வேளை அவள் எதிரில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. இன்று ஒழுங்காகப் பார்த்துவிட வேண்டும்.

கிட்டே போனால் படம் நசுங்குகிறது. தள்ளிப் போனால் சிறுத்துவிடுகிறது. நடுவில் எங்கோ ஓரிடம் இருந்தாக வேண்டும்.

அட.

இது அந்தப் பெருமம் சிறுமம் கணக்கு அல்லவா?

சுவரில் ஒரு படம் உயரத்தில் மாட்டியிருக்கிறது. எவ்வளவு தூரத்தில் நின்றால் அது கண்ணுக்கு மிகப் பெரிய கோணத்தில் தெரியும்? ஏழு வருடமாகப் பிள்ளைகளுக்கு நடத்துகிறான். ஒரு நாளும் ஒரு படத்துக்கு முன்னால் போய் நின்றதில்லை.

கண்மட்டத்திலிருந்து கீழ் விளிம்பு எட்டடி. மேல் விளிம்பு பதினெட்டு. பெரிய கோணத்திலிருந்து சின்னக் கோணத்தைக் கழித்தான். வகையிட்டான். பூச்சியத்துக்குச் சமப்படுத்தினான். மற்றதெல்லாம் அடிபட்டுப் போய், எட்டையும் பதினெட்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுப்பதுதான் மிச்சம்.

பன்னிரண்டு.

விடை முழு எண்ணாக வந்து விழுந்தால் அவனுக்கு எப்போதும் ஒரு சந்தோஷம் வரும். நாலு நாளுக்குப் பிறகு இப்போது வந்தது.

மறுபடி ரோட்டைக் கடந்து போய், சுவரில் முதுகை ஒட்டி நின்றான். காலோடு கால் ஒட்ட வைத்து அடியடியாக எண்ணிக்கொண்டு நடந்தான். ஆறில் நடைபாதை முடிந்தது. ஏழு. எட்டு. ஒன்பது.

ஹாரன் காதைக் கிழித்தது.

பாடப் புத்தகத்துச் சுவருக்கு முன்னால் ரோடு கிடையாது. இங்கே பன்னிரண்டாவது அடி, பஸ்ஸெல்லாம் நிலையத்துக்குள் திரும்புகிற வளைவில் இருந்தது.

"அண்ணாச்சி, வேற பஸ்ஸே கெடைக்கலியா ஒங்களுக்கு?"

நடத்துனர் படியில் தொங்கியபடி கேட்டுவிட்டுப் போனார்.

பஸ் போனதும் அவன் விட்ட இடத்திலிருந்து எண்ணினான். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. சுவர்ப்பக்கம் திரும்பி நிமிர்ந்தான்.

அவளேதான். நெற்றியில் எந்த எண்ணெய்க்கும் படியாத அந்த நாலு முடி. சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற உதடு. இவ்வளவு பெரிதாக, இவ்வளவு தெளிவாக. இவள் என் பெண்டாட்டி என்று அந்தப் பஸ்காரரிடம் சொல்லியிருக்கலாமே என்று இருந்தது.

அப்போதுதான் அவள் இடது தோளைப் பார்த்தான்.

அதன்மேல் நாலு விரல்கள் இருந்தன.

கை இல்லை. கைக்குச் சொந்தக்காரனும் இல்லை. போன பொங்கலுக்கு இருவரும் சேர்ந்து நின்று எடுத்துக்கொண்ட படம் அது. ஃப்ளெக்ஸ் கடைக்காரர் அவனை வெட்டி எடுத்துவிட்டு, அவன் நின்ற இடத்தில் சூரியக் கதிரைப் போட்டிருக்கிறார். விரல்கள் மட்டும் அவள் தோளிலேயே தங்கிவிட்டன.

ஹாரன் சத்தம் கேட்டு, மையத்தின் ஆபீஸில் வேலை பார்க்கும் பெண் வாசலுக்கு வந்தாள். அவன் எங்கே பார்க்கிறான் என்று அவளும் எட்டிப் பார்த்தாள்.

"அந்த வெரலயா சார் பாக்கீங்க? கடைக்காரரு அழிச்சுத் தாரேன்னுதான் சொன்னாரு. அக்கா ஒத்தக்கால்ல நின்னு வேண்டாம்னுட்டாங்க."

அவன் அந்த நாலு விரலையும் இன்னொரு தடவை அண்ணாந்து பார்த்தான்.

அடுத்த பஸ் வளைவில் திரும்பியது. அவன் நடைபாதையில் ஏறி நின்று அதற்கு வழிவிட்டான். பிறகு செல்போனை எடுத்து வீட்டுக்குக் கூப்பிட்டான்.

"செண்பா," என்றான். "இப்பதான் பாத்தேன்."