வாராவாரம் வரலாறு

"ஐயா, கோவிச்சுக்கக் கூடாது. நம்ம சர்ச்சோட வரலாறு சபையில எல்லாருக்கும் மனப்பாடம் ஆயிடுச்சு."

ஆராதனை முடிந்த கையோடு ஆயர் ஜோயலைப் பிடித்துக்கொண்டார் சபைச் செயலாளர் யாக்கோபு.

மண்ணூர்ப் பக்கம், வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய சின்ன ஆங்கிலிகன் ஆலயம் அது. சுற்றியிருந்த வயலெல்லாம் கம்பெனிகளாகிவிட்டன. ஆலயம் மட்டும் தடித்த சுவரும் உயர்ந்த கூரையுமாக, உள்ளே குளுகுளுவென்று அப்படியே இருந்தது.

2010இல் மாற்றலாகி வந்த ஜோயல், பிரசங்கம் முடிந்ததும் ஞாயிறு தவறாமல் அதன் வரலாற்றை ஆரம்பித்துவிடுவார்.

"வெள்ளைக்கார ஐயர் மாட்டு வண்டியில வந்தது, கடுக்காய்த் தண்ணி ஊத்திச் சுண்ணாம்பு அரைச்சது, கப்பல்ல வந்த மணி ஏரிச் சேத்துல மாட்டிக்கினது... எத்தினி வாட்டி கேக்கறது? நாங்க போறதுக்குள்ள கடையில நல்ல கறி தீந்துடுது."

ஜோயல் சிரித்தார். "பழைய ஆலயமாச்சே. சொல்லச் சொல்ல வந்துகிட்டே இருக்கு."

"கடைசி பெஞ்சைப் பாத்தீங்களா? கம்பெனிப் பொண்ணுங்க வரிசையா தூங்கிச் சாமியாடிக்கினு கீதுங்க. உங்க வரலாறு அந்த லட்சணம். இன்னும் இழுத்தா பேராயருக்கு எழுதிடலாம்னு கமிட்டியில பேசிக்கிறாங்க."

ஜோயலின் முகம் வாடியது. "சரி, நிறுத்திடறேன்."

அடுத்த ஞாயிறு சொன்னபடியே செய்தார். பிரசங்கம் முடிந்ததும் ஆசீர்வாதம். சபை சந்தோஷமாகக் கலைந்தது.

கறி வாங்கப் பையோடு வெளியே வந்த யாக்கோபு, கேட் பக்கம் நின்றுவிட்டார். கழுத்தில் கம்பெனி அட்டையுடன் மூன்று பெண்கள், ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து, வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள்.

"அதான் முடிஞ்சிடுச்சே. ரூமுக்குப் போகலியா?"

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த முத்துச்செல்வி கண்ணைக் கசக்கினாள். "நைட் ஷிஃப்ட் முடிச்சு நேரா வந்தோம் சார். ஞாயித்துக்கிழமை ரூம்ல மத்தவளுவளுக்கெல்லாம் லீவு. அவளுவ எந்திச்சு வெளிய கெளம்புத வரைக்கும் எங்களுக்குப் படுக்க எடமில்ல."

"அதனால தூங்குறதுக்கு சர்ச்சுக்கு வர்றீங்களா?"

"பிரசங்கத்துல தூங்க மாட்டோம் சார்," என்றாள் அவசரமாக. "ஐயாதான் சொன்னாவ. ஆண்டவர் வார்த்தைய மட்டும் முழிச்சிருந்து கேளுங்க, அதுக்கப்புறம் நான் ஏதாவது பேசிக்கிட்டே இருக்கேன், ஃபேனுக்குக் கீழ நல்லாத் தூங்குங்கன்னு. கூட்டம் கலைஞ்சுட்டா பூட்டிருவாவல்லா."

யாக்கோபு கையிலிருந்த பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அன்று அவர் கறிக்கடைக்குப் போகவில்லை.

அதற்கடுத்த ஞாயிறு, பிரசங்கம் முடிந்து ஆசீர்வாதம் சொல்ல ஜோயல் கையை உயர்த்தினார். முன் பெஞ்சிலிருந்து யாக்கோபு எழுந்தார்.

"ஐயா, நம்ம கல்லறைத் தோட்டம் வந்த கதைய ஒரு வாட்டிகூட நீங்க சொன்னதில்லியே?"

சபை அவரை முறைத்தது. ஜோயல் ஒன்றும் புரியாமல் பார்த்தார்.

யாக்கோபு கடைசி பெஞ்சை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"அவசரமில்ல, நிதானமாவே சொல்லுங்க ஐயா. மைக்கை மட்டும் அணைச்சிடுங்க."