ஐந்தாம் படி

“இந்த ஐஞ்சாம் படியாலை என்ரை பிள்ளையின்ரை கலியாணம் ரெண்டு தரம் குழம்பிப்போச்சு, ஸ்ரனி. மூண்டாம் தரமும் குழம்பினால் படியை இல்லை, உன்னைத்தான் அடுப்பிலை வைப்பன்.”

அதட்டிய மயில்வாகனத்துக்கு ஒட்டுசுட்டானில் பலசரக்குக் கடை. கீழே கடையும் குசினியும், மேலே ஒரேயொரு அறை. அந்த அறைதான் மகள் ஜெயரூபினிக்குச் சீதனம். பார்க்க வருகிற மாப்பிள்ளை பகுதி மரப்படியில் ஏறித்தான் ஆகவேண்டும்.

முதல் வந்த மாப்பிள்ளையின் மாமி ஐந்தாம் படியில் தடக்குப்பட்டு விழுந்தா. தேத்தண்ணியைக்கூடத் தொடாமல் போய்விட்டா. அடுத்து வந்த பெரியப்பா தடக்குப்பட்டதும் கைபிடியைப் பிடித்தார். கைபிடி அவரோடு கழன்று வந்தது. சகுனம் சரியில்லை என்று தரகர் அப்புத்துரையிடம் சொல்லியனுப்பினார்கள்.

ஸ்ரனிஸ்லஸ் முல்லைத்தீவில் வள்ளம் கட்டியவர். வள்ளம் கட்டுவிக்க ஆளில்லாத காலத்தில் கதவு, கதிரைக்கால் என்று கிடைத்ததைச் செய்துகொண்டு திரிகிறார். குந்தியிருந்து விரலால் படிகளை அளந்தார்.

“மற்றதெல்லாம் ஒரு உயரம். இது மட்டும் ரெண்டு விரல் கூட. ஆர் முதலாளி இதை அடிச்சது?”

“ஆருக்குத் தெரியும்? எங்கையோ கழட்டின படி, பாதி விலைக்கு வந்தது. பாதி விலைக்கு வாற சாமானிட்டை ஊர் பேர் கேக்கிறேல்லை. நீ இறக்கிப்போடு.”

“பக்கப் பலகையிலை காடி வெட்டி எல்லாத்தையும் செருகியிருக்கு. ஒண்டை இறக்கினால் பன்ரண்டையும் இறக்கவேணும். ஒரு கிழமை வேலை.”

“நாளைக்கு வருகினமடா!”

“அப்ப மாதாவைத்தான் கேக்கவேணும்.”

“என்ரை சகுனத்துக்கு உன்ரை மாதா வருவாவோ?”

“கேட்டால் வருவா. அவா ஆள் பாக்கிறேல்லை.”

ஸ்ரனிஸ்லஸ் ஆடிய குத்துக்கால்களுக்குப் புதிய முளை அடித்துக் கைபிடியை இறுக்கினார். உடைந்த போத்தல் ஓட்டால் பழைய பூச்சைச் சுரண்டி, காய்ந்த திருக்கை மீன் தோலால் தேய்த்தார். பொருளாதாரத் தடையால் வார்னிஷ் வன்னிக்குள் வராத காலம். தேன்மெழுகைத் தேங்காயெண்ணெயில் உருக்கிப் பூசினார். பின்னேரம் முதிரைப் பலகை மஞ்சளாக மினுங்கியது. ஐந்தாம் படியும் அதே இரண்டு விரல் உயரத்தில் இருந்து மினுங்கியது.

“இஞ்சருங்கோ, ஏறேக்கை ‘அதிலை கவனம்’ எண்டு ஒரு சொல்லுச் சொன்னால் என்ன?” என்றா மனைவி பத்மாசனி.

“சாமானிலை உள்ள பழுதை விக்கிறவனே சொல்லுறதோ? முப்பது வருசமாக் கடை வைச்சிருக்கிறன். மரியாதைக்குப் பிடிக்கிற மாதிரி ஆளின்ரை கையைப் பிடிக்கிறன், பாரும்.”

ஜெயரூபினி சுவரோடு சாய்ந்து நின்றாள். “அம்மா, அவை ஏறி முடிஞ்சாப் பிறகு நான் சேலையைக் கட்டுறன். விழுந்தால் கட்டினது வீண்.”

அடுத்த நாள் மாப்பிள்ளையின் தகப்பன் வீரபாகு முத்தையன்கட்டிலிருந்து சைக்கிள் உழக்கி வந்து சேர்ந்தார். சண்டையால் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து, இரண்டு வருடமாகக் கொட்டிலில் இருக்கிற மனிதர். சேட்டு வியர்வையில் ஊறியிருந்தது. முகத்தில் சிரிப்புக்கு மிச்சம் ஒன்றுமில்லை.

அப்புத்துரை வாசலோடு நின்றுகொண்டார். விழுந்தால் ஓட வசதி.

“வாங்கோ, கையைத் தாங்கோ,” என்று மயில்வாகனம் குழைந்தார்.

“வேண்டாம், ஏறுவன்.” வீரபாகு கைபிடியில் கையை வைத்தார். வைத்த கை ஒருகணம் அப்படியே நின்றது. பிறகு மழையில்லாததைப் பற்றியும் நெல்லு விலையைப் பற்றியும் கதைத்துக்கொண்டே ஏறினார்.

மூன்று. நான்கு. மயில்வாகனம் மூச்சை அடக்கினார். வீரபாகு காலை இரண்டு விரல் கூடத் தூக்கி ஐந்தாம் படியில் வைத்தார், கதை அறுபடவில்லை. அந்தக் காலையே பார்த்துக்கொண்டு பின்னால் வந்த மயில்வாகனம்தான் தடக்குப்பட்டார்.

“பாத்து,” என்றார் வீரபாகு, திரும்பாமலே.

மேலே போனவர் அறையைச் சரியாகப் பார்க்கவும் இல்லை. திரும்பி வந்து படியின் தலைப்பில் குந்தினார். கைபிடியை மேலும் கீழும் தடவினார்.

கீழே பத்மாசனி தேத்தண்ணித் தட்டோடு நின்றா. அந்தத் தடவலை மயில்வாகனத்தால் தாங்க முடியவில்லை. கடைக்கார வாய் தானாகத் திறந்தது.

“இந்த அறை, கட்டில், அலுமாரி, எல்லாம் பிள்ளைக்குத்தான். படியும் அசல் முதிரை. சீதனத்துக்கெண்டே புதுசாச் செய்விச்சது.”

வீரபாகு களைப்போடு நிமிர்ந்து பார்த்தார். “படத்தைப் பாத்தே மகன் ஓமெண்டிட்டான். எனக்கும் சம்மதம். ஆனால் சீதனத்திலை ஒண்டைக் குறைக்கவேணும்.”

சீதனத்தைக் கூட்டச் சொன்னவர்களைத்தான் மயில்வாகனம் கண்டிருக்கிறார். “குறைக்கிறதோ? எதை?”

“படியைச் சேர்க்காதேங்கோ, சம்பந்தி. அது கிளிநொச்சியிலை எங்கடை வீட்டுக்கு நான் அடிச்சது.”