சுற்றி எடுத்த படம்

ஒரு காதுக்குள் மூன்று எலும்புகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வேலை பார்த்தன. முன்னால் சுத்தியல், நடுவில் பட்டடை, கடைசியில் அங்கவடி. அங்கவடி அரிசிமணியைவிடச் சின்னவள்.

கொஞ்ச நாளாகக் காது மந்தமாகிவிட்டது. சுத்தியல் உடனே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "எல்லாம் இந்தப் பொடிசாலதான். அசையவே மாட்டேங்குறா. டாக்டர் இவளை எடுத்துட்டு, இவ இடத்துல ஒரு கம்பி வைக்கப்போறாராம்."

"அண்ணன் சொன்னா சரிதான்" என்றது பட்டடை.

அங்கவடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்க தள்ளினாத்தானே அண்ணே நான் அசைய முடியும்? என்னைச் சோம்பேறின்னா என்ன நியாயம்?"

"வாயைப் பாரு! எக்ஸ்ரே எடுக்கட்டும், உன் வண்டவாளம் தெரிஞ்சுடும்."

"தாராளமா எடுக்கட்டும்!"

வீறாப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, உள்ளூர உதறல்தான். போன தடவை எடுத்த படத்தில் சுத்தியலின் நிழல் அவளை முழுசாக மறைத்திருந்தது.

இந்தத் தடவையும் சுத்தியல் கல்யாண போட்டோவுக்கு நிற்பதுபோல நெஞ்சை நிமிர்த்தி நின்றார். ஆனால் இந்த எக்ஸ்ரே தலையைச் சுற்றிச் சுற்றி வந்து, எல்லாப் பக்கத்தையும் சேர்த்து முப்பரிமாணப் படமாக்கியது.

திரையில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்த டாக்டரின் குரல் மந்தமாக உள்ளே வந்தது. "அங்கவடி அருமையா இருக்கு, தொடவே வேண்டாம். சுத்தியலோட பின்பக்கம்தான் மேல்சுவர்ல ஒட்டிக்கிட்டிருக்கு. அதைப் பிரிச்சுவிட்டாப் போதும்."

அங்கவடிக்குப் பெருமையில் தலை கூரையைத் தொட்டதுபோல இருந்தது.

சுத்தியல் குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, இதை வெளியில சொல்லிடாதே."

"நான் எதுக்கு அண்ணே சொல்லணும்? அங்க திரையில உங்க முதுகு இன்னும் சுத்திக்கிட்டிருக்கே!"