தானாக இறங்கும் கலப்பை

“ஆயில் மாத்தியாச்சு, ஃபில்டர் மாத்தியாச்சு. கலப்பையைத் தூக்கி நிறுத்திட்டு சாப்பிடப் போறேன், வந்து பார்த்தா தரையில கெடக்கு” என்றார் டிராக்டர்காரர்.

மெக்கானிக் தாடையைச் சொறிந்தார். “உள்ளே சீல் போயிருக்கும்ணே. ஹைட்ராலிக்கைப் பிரிச்சா மூணு நாள் ஆகும்.”

“நாளைக்கு உழவு இருக்குய்யா. பராமரிப்புல இந்தத் தெருவுக்கே பாடம் எடுக்கிறவன் நான். என் வண்டியிலயா சீல் போகும்?”

“சரி, எறங்குதான்னு பார்த்துடுவோம்.”

கலப்பையைத் தூக்கி நிறுத்தி, இன்ஜினை அணைத்துவிட்டு, இருவரும் ஒரு மணி நேரம் கண்கொட்டாமல் பார்த்தார்கள். அது ஒரு நூல்கூட இறங்கவில்லை.

“ஆள் இருந்தா வெக்கப்படுது போல” என்றார் மெக்கானிக்.

கொட்டகைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டார்கள். ஐந்தாவது நிமிடம் டிராக்டர்காரரின் மனைவி வந்தாள். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு லீவரைக் கீழே தள்ளினாள். கலப்பை சமர்த்தாகத் தரையில் உட்கார்ந்தது.

டிராக்டர்காரர் பாய்ந்து வந்தார். “அடியே, நீதானா? ரெண்டு வாரமா ஏன் சொல்லலை?”

“நீங்க எங்க கேட்டீங்க? வண்டியை நிறுத்தினா கலப்பையை எறக்கி வைக்கணும்னு ஊருக்கெல்லாம் சொல்றீங்க. நீங்களே தினமும் மறந்துடுறீங்க. வெளிய தெரிஞ்சா உங்களுக்குத்தானே அசிங்கம்?” அவள் குரலைத் தாழ்த்தினாள். “மெதுவாப் பேசுங்க, அந்த மெக்கானிக் காதுல விழுந்துடப் போகுது.”

“எதுவும் விழலை அண்ணி” என்றது கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.