குழிக்குள் இறங்கும் பெண்

“பாம்புக் குழிக்குள்ள விழுந்து நான் நாலு தடவை செத்திருக்கேங்க” என்றான் வளவன்.

பஜ்ஜித் தட்டை நீட்டிய அறிவுமதியின் கை அப்படியே நின்றது. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை இப்படிப் பேச்சைத் தொடங்கி அவள் கேட்டதில்லை.

“பயப்படாதம்மா, கம்ப்யூட்டர் கேம்ல” என்று சிரித்தாள் அவன் அம்மா ராணியம்மாள். “ஒரு பொம்பளை தனியா குகைக்குள்ள, பாழடைஞ்ச கோயிலுக்குள்ளலாம் பூந்து புதையல் எடுக்கிறா. மெட்ராஸ்ல வேலை முடிஞ்சு ரூமுக்கு வந்தா இவனுக்கு அதான் சோறு, அதான் தூக்கம். உங்க பொண்ணும் பூமியத் தோண்டுற வேலைன்னு தரகர் சொன்னதும், பார்த்தா இந்தப் பொண்ணைத்தான் பாப்பேன்னு ஒத்தக் கால்ல நின்னுட்டான்.”

அறிவுமதி தலை நிமிர்ந்து அவனை முதல்முறையாகப் பார்த்தாள். சட்டைப் பையில் செல்போன் வெளியே தெரிய உட்கார்ந்திருந்தான். கண்ணில் நிஜமான ஆர்வம் இருந்தது.

அவளுக்கு இருபத்தெட்டு முடிந்துவிட்டது. தொல்லியலில் எம்.ஏ. படித்துவிட்டு, மூன்று வருடமாகக் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு மேட்டில் நடக்கும் அரசாங்க அகழாய்வில் இருக்கிறாள். வெயிலில் கறுத்துவிட்டாள் என்று ஒரு வரன் தட்டிப்போனது. ஆம்பிளைகளோடு குழிக்குள் இறங்குகிறவள் நமக்கு எதற்கு என்று இன்னொரு வீட்டில் சொன்னது, சுற்றிச் சுற்றி இவர்கள் காதுக்கே வந்தது. வளவன் ஐந்தாவது.

அதனால் அப்பா சக்கரவர்த்தி முந்திக்கொண்டார். “கல்யாணத்துக்கு அப்புறம் வேலைய விட்டுடுவா. அதுல ஒண்ணும் பிரச்சனை வராது.”

“ஐயோ, எதுக்குங்க விடணும்?” ராணியம்மாள் பதறிவிட்டாள். “விடவே கூடாது. சீர் செனத்தின்னு நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க. பொண்ணு இந்த வேலையோட வந்தா போதும்.”

சமையலறை வாசலில் நின்றிருந்த அம்மா காசியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இரண்டு பேரும் தனியாகப் பேசட்டும் என்று மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். எதிரே மலை, சாயங்கால வெயிலில் செக்கச்செவேலென்று நின்றது. வளவன் மலையைப் பார்க்கவில்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“போன மாசம் என்ன கிடைச்சுது, சொல்லுங்க.”

வீட்டில்கூட அவளை யாரும் இப்படிக் கேட்டதில்லை. “ஒரு தாழிங்க. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி செத்தவங்கள வெச்சுப் புதைக்கிற பெரிய பானை. உடையாம எடுக்க எட்டு நாள் ஆச்சு.”

“உள்ளே?”

“சின்னக் குழந்தையோட எலும்புங்க. கழுத்துகிட்ட பச்சைக் கல்லுல பாசிமணி. மூணு.”

“மூணுதானா?” என்றான். குரல் இறங்கிவிட்டது.

அறிவுமதிக்கு நெஞ்சு இளகியது. அன்றைக்கு அந்தக் குழிக்குள் உட்கார்ந்து அவளும் அதைத்தான் நினைத்தாள். கடைசியாகப் போட்டு அனுப்ப அந்தத் தாயிடம் மூன்று மணிதான் இருந்திருக்கிறது. இதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று யாரிடமும் அவள் சொன்னதில்லை.

“தோண்டும்போது கூட ஆள் இருப்பாங்களா?”

“ஆராயின்னு ஒரு அம்மா மண்ணு அள்ள வருவாங்க. மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போயிட்டா நான் மட்டும்தான்.”

“நீங்க மட்டுமா? காவலுக்குக்கூட யாரும் இல்லையா?”

“பழகிடுச்சுங்க” என்றாள். அவன் கவலைப்பட்டது பிடித்திருந்தது. மறுபடியும் மறுபடியும் கவலைப்பட மாட்டானா என்றிருந்தது.

பிறகு அவளாகவே பேச ஆரம்பித்தாள். தூரிகையால் மண்ணைத் தள்ளத் தள்ள ஒரு விளிம்பு தெரியும்போது மூச்சு நின்றுவிடுவதைச் சொன்னாள். பசி மறந்து போவதைச் சொன்னாள். அவன் ஒரு வார்த்தை குறுக்கே பேசாமல் கேட்டான். மூன்று வருடத்துப் பேச்சை அவள் அந்தப் பத்து நிமிடத்தில் பேசித் தீர்த்தாள்.

மாடிப்படியில் காசியம்மாளின் தலை தெரிந்தது. புருவத்தை உயர்த்தி, என்ன என்று கேட்டாள்.

அறிவுமதி தலையாட்டினாள்.

அம்மா இரண்டு இரண்டு படியாக இறங்கி ஓடினாள். கீழே ஒரே சத்தம். “இன்னைக்கே பூ வெச்சிடலாங்க, நல்ல நாளாதான் இருக்குது” என்று ராணியம்மாளின் குரல் கேட்டது. அப்பா பல வருடம் கழித்து வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்து வீட்டு ஜோதியம்மாளை அம்மா கூவி அழைப்பதும் கேட்டது.

“அப்ப நம்ம ரெண்டு பேருக்கும் சம்மதம். இனிமே உங்ககிட்ட மனசு விட்டுக் கேக்கலாம்தானே?” என்றான் வளவன்.

“கேளுங்க.”

“மூணு வருஷமா எடுத்ததெல்லாம் எங்க இருக்குது?”

“ஆபீஸ்லதாங்க. ஒவ்வொண்ணுக்கும் நம்பர் எழுதி, பெட்டியில போட்டு...” அவள் உற்சாகமாக ஆரம்பித்தாள்.

அவன் சிரித்தபடி தலையை ஆட்டினான். படிப்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டான். பிறகு அவள் அருகே வந்து, கட்டிய பெண்டாட்டியிடம் பேசுவது போலக் குரலைத் தாழ்த்தினான்.

“அது கவர்மென்ட்டுக்குக் காட்டுறதுங்க. நீங்க வீட்டுக்கு எடுத்தாந்தது எங்க இருக்குது?”