ஐஸ் கழித்த எடை

பால்வாடியின் உத்தரக் கொக்கியில் தராசு தொங்குகிறது. அதன் துணித்தூளிக்குள் ஒன்பது மாத ரெனிஷா காலை உதைக்க உதைக்க, முள் நிலைகொள்ளாமல் துடிக்கிறது. ஜன்னல் வழியே வரும் கடல் வெளிச்சம் தராசுக் கண்ணாடியில் பட்டுச் சுவரெல்லாம் ஓடுகிறது. பிள்ளை அதையே கண்ணால் துரத்துகிறாள். போன மாதம் காய்ச்சலில் இளைத்து, பால்வாடி இன்பமணி டீச்சர் அவள் உள்ளங்கையில் விரலை வைத்தபோது மடக்கக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தவள். வளர்ச்சி அட்டையில் அன்று வைத்த புள்ளி, எடை குறைவு என்று காட்டும் மஞ்சள் பட்டையில் இருக்கிறது. இன்றாவது அது ஏறட்டும் என்று தாய் சுஜிதா தடித்த கவுனாகப் பார்த்துப் போட்டுத் தூக்கி வந்திருக்கிறாள். தகப்பன் பர்னபாஸ் மீன் ஏலக்கூடத்தில் எடை போடுகிறவன். "ஏளா, கவுனக் கழத்து. கொலுசையும் கழத்து. ஐஸக் கழிச்சாத்தான மீனோட எடை" என்கிறான். "பிள்ளையும் மீனும் ஒண்ணா ஒங்களுக்கு?" என்று முனகிக்கொண்டே அவள் ஒவ்வொன்றாகக் கழற்றுகிறாள். ஆடும் தூளியை அவன் ஒற்றை விரலால் தொட்டு நிறுத்துகிறான். மூன்று பேரும் முள்ளையே பார்க்கிறார்கள். அது அடங்குவதாக இல்லை. டீச்சர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு குனிந்து பார்க்கிறார். "விரல எடுங்க தம்பி. நீங்க பிடிச்சிருந்தா எடை எப்படித் தெரியும்?" பர்னபாஸ் கையை இழுக்கிறான். தூளியும் கூடவே வருகிறது. "நான் பிடிக்கல டீச்சர்" என்கிறான், "அவதான் பிடிச்சிருக்கா."